அயல்மொழிப் படங்கள்: டர்பன் தமிழ் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பகுதிகளிலும் வாழும் தமிழர் சிலர் மாதம் ஒருமுறை கூடி, பிறமொழிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தேநீருடன் அதைப் பற்றிப் பேசுகிறோம். புதிதாக வருவோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். இவற்றில் தென்படும் விருப்பு வெறுப்புகள் என்னுடையவை. வட்டத்தில் உள்ள மற்றவர்கள் பல இடங்களில் என்னோடு உடன்படுவதில்லை.

எந்தப் படங்களை அயல்மொழிப் படங்கள் என்று கொள்கிறீர்கள்?

நம் வீடுகளில் பெரும்பாலும் ஆங்கிலமே புழங்குவதால் ஹாலிவுட் படங்களைச் சேர்ப்பதில்லை. தமிழ்ப் படங்களையும் சேர்ப்பதில்லை. அவற்றைப் பார்க்க நமக்குத் தனிக் கூட்டம் தேவையில்லை. ஆஸ்கார் குழுவின் கணக்கு வேறு. அங்கே வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலமல்லாத மொழியில் இருக்க வேண்டும், படம் அமெரிக்காவுக்கு வெளியே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். அயல்மொழிப் படப் பிரிவின் பெயரை 2019இல் ‘சர்வதேசத் திரைப்படம்’ என்று மாற்றினார்கள். 1969இல் ‘தெய்வ மகன்’, பின்னர் ‘நாயகன்’, ‘விசாரணை’, ‘கூழாங்கல்’ எனத் தமிழ்ப் படங்கள் இந்தியாவின் சார்பில் அங்கே அனுப்பப்பட்டிருக்கின்றன.

ஜூலு மொழிப் படங்களைச் சேர்க்கலாமா என்பதில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் வாழும் மண்ணின் மொழியை அயல்மொழி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நம்மில் பலர் ‘யெஸ்டர்டே’ படத்தையும் சப்டைட்டில் படித்துத்தான் பார்த்தோம் என்பதும் உண்மை. 2004இல் டாரல் ரூட் இயக்கத்தில் வெளிவந்த இது ஜூலு மொழியில் எடுக்கப்பட்ட முழுநீளத் திரைப்படம். நம் குவாஜூலு-நேட்டால் மாகாணத்துச் சிற்றூரில் எச்.ஐ.வி தொற்றோடு வாழும் ஒரு தாயாக லெலெட்டி குமாலோ நடித்திருக்கிறார். ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டது, விருது கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டியில் ‘சோட்சி’ அந்த விருதைத் தென்னாப்பிரிக்காவுக்குப் பெற்றுத் தந்தது. இரண்டையும் பட்டியலில் வைத்திருக்கிறோம்.

சப்டைட்டில் படித்துக்கொண்டே படம் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. சிரமமாக இருக்காதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் படங்களையும் இந்திப் படங்களையும் பல ஆண்டுகளாக ஆங்கில வரிகளோடு பார்த்து வந்தவர்கள். அதைப் பழக்கம் என்று அவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்பே நம் தாத்தா பாட்டியர் அயல்மொழிப் பட ரசிகர்களாக இருந்தார்கள் என்பது என் கருத்து. இந்நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1976 ஜனவரி 5 அன்றுதான் முறையாகத் தொடங்கியது. அதுவரை பயாஸ்கோப் ஒன்றே பொழுதுபோக்கு. 1939இல் தோன்றிய அவலான் உட்பட, இந்தியர்கள் நடத்திய அரங்குகள் கிரே ஸ்ட்ரீட்டைச் சுற்றி இருந்தன. நிறவெறிச் சட்டங்கள் நம்மை நகரின் மற்ற அரங்குகளிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. 1946இல் இந்தியா இந்நாட்டுடனான வணிகத்தைத் துண்டித்த பிறகும் இந்தியப் படங்கள் இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றில் இந்திப் படங்களே மிகுதி. இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாத தமிழ்ப் பாட்டிகள் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போய், கண்ணீர் விட்டு, வீடு திரும்பிக் கதையை முழுமையாகச் சொன்னார்கள். சப்டைட்டில் இல்லாமலேயே அவர்களால் அது முடிந்திருக்கிறது. முகத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் யார் யாருக்கு வழிவிட்டு நிற்கிறார்கள் என்பதையும் பார்த்தே அவர்கள் கதையைப் பிடித்துக்கொண்டார்கள். கொரியப் படமோ ஈரானியப் படமோ பார்க்க உட்காரும் நமக்கு வேண்டியதும் அந்தக் கண்தான். வரிகள் கூடுதல் உதவி.

நடைமுறையில் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கில சப்டைட்டில் ஒரே நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் வராது. ஒரு வரியில் சுமார் 40 எழுத்துகள், திரையில் அதிகபட்சம் ஆறேழு விநாடிகள் என்ற அளவில்தான் அதை அமைப்பார்கள். ஆகவே பேசியது முழுவதும் அதில் இருக்காது, சுருக்கமே இருக்கும். வரியை ஒரே பார்வையில் படித்துவிட்டு உடனே முகத்துக்குத் திரும்புங்கள். ஓரிரு வரி தவறினால் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டாம். முதல் இருபது நிமிடம் கண் அலையும், பிறகு படிக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

டப்பிங் செய்த பதிப்பைப் பார்த்தால் என்ன?

அனிமேஷன் படங்களுக்கு, அதுவும் படிக்கத் தெரியாத சிறு பிள்ளைகள் உடன் இருந்தால், பார்க்கலாம். மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தை அப்படித்தான் பலர் முதலில் பார்த்தார்கள். ஆனால் அதன் ஆங்கில டப்பிங்கில் மூலத்தில் இல்லாத விளக்க வசனங்கள் சில இடங்களில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மௌனமாக இருந்த இடத்தில் யாரோ பேசினால் அது வேறு காட்சியாகிவிடுகிறது. மனிதர்கள் நடித்த படங்களுக்கு எங்கள் வட்டத்தில் டப்பிங்கை அனுமதிப்பதில்லை. சிவாஜியின் வசனத்தை வேறொருவர் ஆங்கிலத்தில் பேசினால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களா என்று கேட்டால் எதிர்ப்பு அடங்கிவிடும்.

எந்தப் படத்தில் தொடங்குவது நல்லது?

‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. 1997இல் மஜீத் மஜீதி எடுத்த ஈரானியப் படம். அடுத்த ஆண்டு ஆஸ்காருக்குச் சென்று, அயல்மொழிப் படப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படமாக அமைந்தது.

படம் ஒரு செருப்புத் தைப்பவரின் கைகளில் தொடங்குகிறது. சிறுமி ஒருத்தியின் பழைய காலணியை அவர் ஊசியால் குத்தி, நூலை இழுத்து, பசை தடவித் தேய்க்கிறார். வேறு எதையும் காட்டாமல் கேமரா அந்தக் கைகளிலேயே வெகுநேரம் நிற்கிறது. அந்தக் காலணியை வாங்கிவந்த அண்ணன் அலி வழியிலேயே தொலைத்துவிடுகிறான். வீட்டில் பணமில்லை, தந்தையிடம் சொன்னால் அடி விழும். ஒரே அறையில் பெற்றோர் பேசிக்கொண்டிருக்க, அண்ணனும் தங்கையும் பாடம் எழுதுவது போலக் குனிந்து, நோட்டுப் புத்தகத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டியே இந்தச் சண்டையைப் போடுகிறார்கள். தங்கை ஸஹ்ராவுக்குக் காலையில் பள்ளி, அலிக்கு மதியம். ஆகவே அவனுடைய ஒரே ஜோடிக் காலணியை இருவரும் மாற்றி மாற்றி அணிவது என்று முடிவாகிறது. அளவு பெரிதான காலணியோடு ஓடிவரும்போது அதில் ஒன்று கழன்று சாக்கடை நீரில் விழுந்து மிதந்து போக, அதைத் துரத்திக்கொண்டு ஸஹ்ரா ஓடும் காட்சியை நாங்கள் திரையிட்டபோது, அரங்கில் இருந்த மூதாட்டி ஒருவர் பாரசீகம் பேசும் அந்தச் சிறுமிக்குத் தமிழில் வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் கொலை இல்லை, காதல் இல்லை, வில்லனும் இல்லை. ஆனாலும் கடைசி ஓட்டப்பந்தயத்தில் நாற்காலி நுனிக்கு வராதவர்களை நான் பார்த்ததில்லை. அலிக்கு வேண்டியது மூன்றாம் பரிசுதான், ஏனெனில் அதற்குத்தான் காலணி தருகிறார்கள். இதற்கு மேல் சொன்னால் பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகின்றன?

எல்லாம் அப்படிப் போவதில்லை. 2019இல் வெளிவந்து, கான் விழாவில் தங்கப்பனை விருதும் பின்னர் சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளும் பெற்ற கொரியப் படமான ‘பாரசைட்’ நம் மசாலாப் படங்கள் எதற்கும் வேகத்தில் குறைந்ததல்ல. மெதுவானவை என்று குறை கூறப்படுபவற்றில் சில உண்மையாகவே அலுப்பூட்டுபவை. அவற்றுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்துக்காகக் கட்டாயம் வாதாடுவேன்.

1953இல் வெளிவந்த அப்படத்தின் கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஓனோமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான பெற்றோர் டோக்கியோவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை, போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ மட்டுமே அவர்களை அன்போடு கவனிக்கிறாள். ஜோஹன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ பிள்ளைகள் இருக்கும் எந்தச் சாட்ஸ்வொர்த் பெற்றோரும் இந்தக் கதையை அறிவார்கள். ஓசு கேமராவைத் தரையில் பாய் விரித்து அமர்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்து, பெரும்பாலும் அசையாமல் விட்டுவிடுகிறார். பாட்டி வீட்டில் தரையில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த எவருக்கும் அந்தப் பார்வை புதிதல்ல. கோடைக்காலம், எல்லோரும் விசிறிக்கொண்டே பேசுகிறார்கள். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அதைப் பார்க்கும்போது நம் கையும் விசிறியைத் தேடுகிறது.

பெற்றோரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகள், செலவைப் பகிர்ந்துகொண்டு அவர்களை அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று நகருக்கு அனுப்பிவிடுகிறார்கள். விடுதியில் இரவெல்லாம் கூச்சல், தூக்கமில்லை. மறுநாள் காலை இருவரும் கடலோரத் தடுப்புச் சுவரில் அமர்ந்து ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். எழும்போது தாய்க்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது. கையை ஊன்றிக்கொள்கிறாள், ஒன்றுமில்லை என்கிறாள். இசை பொங்கவில்லை, முகத்துக்கு அருகில் கேமரா போகவில்லை. அதுவரை இருந்த மெதுவான நடைக்கு நம் கண் பழகியிருந்தால் மட்டுமே அந்தத் தடுமாற்றம் நம்மைத் தாக்கும். வேகமான படமாக இருந்தால் அதை நமக்குச் சுட்டிக்காட்ட இடி முழக்கம் தேவைப்பட்டிருக்கும்.

ஆகவே ‘மெதுவாக இருந்தது’ என்று சொல்பவரிடம் நாங்கள் எந்த இடத்தில் என்று கேட்போம். சொல்ல முடிந்தால் அது நல்ல விமர்சனம். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எந்த இடம் என்று தெரியவில்லை என்றால் படத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பாட்டு இல்லாத படத்தை எப்படி ரசிப்பது?

பாட்டு வேண்டுமென்றால் பாட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத படம் இருக்கிறது. ஜாக் டெமி 1964இல் எடுத்த ‘தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் பெட்ரோல் நிலையத்தில் பேசிக்கொள்வது முதல் எல்லா வசனமும் மிஷேல் லெக்ரான் இசையில் பாடப்படுகிறது. கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றாது. இன்னொன்று, வோங் கார்-வாயின் ‘இன் த மூட் ஃபார் லவ்’. அதில் ஒரே வயலின் இசைத்துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. மேகி சியுங் நூடுல்ஸ் வாங்கக் கூஜாவோடு படியிறங்கும் காட்சியில் அந்த இசை செய்யும் வேலையை நம் டூயட் பாடல்களில் பல செய்வதில்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

திரைப்பட, வெளியீட்டு வாரியம் தரும் வயதுக் குறியீட்டைப் பாருங்கள். வயதோடு வரும் எழுத்துகளில் ‘வி’ வன்முறையையும் ‘எல்’ தகாத பேச்சையும் ‘எஸ்’ பாலியல் காட்சியையும் ‘பி’ இன, மத இழிவையும் குறிக்கும். படிக்கத் தெரியாத குழந்தைகளுக்கும், வரிகளைத் தொடர முடியாத அளவுக்குக் கண் மங்கிய பெரியவர்களுக்கும் ‘தி ரெட் டர்ட்டில்’ ஏற்றது. 2016இல் வந்த அந்த அனிமேஷன் படத்தில் வசனமே கிடையாது.

ஆப்பிரிக்கக் கண்டத்துப் படங்களை ஏன் அவசியம் பார்க்கச் சொல்கிறீர்கள்?

ஜப்பானும் பிரான்சும் தெரிந்த நமக்குச் செனகல் தெரியாமல் இருப்பது வெட்கக்கேடு என்பதால். உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த ‘பிளாக் கேர்ள்’ ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஓடும். செனகலிலிருந்து பிரான்சின் ஆன்டிப் நகருக்கு வேலைக்குச் செல்லும் டியுவானா, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று நம்பிச் சென்று, சமையலறைக்குள் அடைபடுகிறாள். தொடக்கத்தில் அவள் எசமானர்களுக்கு அன்பளிப்பாகத் தந்த மரமுகமூடி அவர்கள் வீட்டுச் சுவரில் அலங்காரப் பொருளாகத் தொங்குகிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இன்று நம் வீடுகளிலும் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். இரண்டு உண்மைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள். நாங்கள் திரையிட்ட மாலையில் தேநீர் நேரப் பேச்சு வழக்கத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

அதே பொருளைத் தொடும் இன்னொரு படம் ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’. 2011இல் பெர்லினில் தங்கக் கரடி விருதும் பின்னர் ஆஸ்காரும் பெற்றது. நினைவு தப்பிய முதியவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஏழைப் பெண், அவர் ஆடையை நனைத்துக்கொண்டதும் திகைத்துப்போய், அந்நிய ஆணின் உடையைத் தான் மாற்றுவது பாவமாகுமா என்று தொலைபேசியில் மார்க்க விளக்கம் கேட்கிறாள். அருகில் நிற்கும் சின்ன மகள், அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் அந்தக் குடும்பத்தின் அச்சம் முழுவதும் தெரிந்துவிடுகிறது.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979 முதல் நடக்கிறது. குவாஜூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலைகள் மையம் அதை நடத்துகிறது, வழக்கமாக ஜூலை மாதத்தில். கேப் டவுன் பக்கம் போனால், 1949இல் திறக்கப்பட்ட லேபியா அரங்குக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். மற்றபடி நெட்ஃபிளிக்ஸ், முபி போன்ற சேவைகள்தாம். திருட்டுப் பதிவிறக்கங்களை எங்கள் வட்டம் ஏற்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்க, அவற்றோடு வரும் சப்டைட்டில்கள் பல நேரம் இயந்திரம் எழுதியவை, படத்தையே கெடுத்துவிடும்.

கூட்டத்தில் கருத்துச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எப்படிப் பேச வேண்டும்?

கதையைத் திருப்பிச் சொல்லாதீர்கள். எல்லோரும் இப்போதுதான் பார்த்தோம். பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண்ணும் போடாதீர்கள். நினைவில் நின்ற ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு அதில் கண்டதையும் கேட்டதையும் சொல்லுங்கள்.

டி சிக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தைப் பற்றி ‘போருக்குப் பிந்தைய இத்தாலியின் வறுமையைக் காட்டுகிறது’ என்று சொன்னால் எவரும் மறுக்கப் போவதில்லை, எவருக்கும் பயனுமில்லை. அதற்குப் பதிலாக உணவகக் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். திருடுபோன சைக்கிளைத் தேடி அலுத்த தந்தை, மகன் ப்ரூனோவை அடித்துவிட்ட வருத்தத்தில் அவனை வசதியான உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறார். பக்கத்து மேசையில் செல்வர் வீட்டுச் சிறுவன் இவனைத் திரும்பிப் பார்க்கிறான். ப்ரூனோ கத்தியையும் முள்கரண்டியையும் கையாளத் தடுமாறுகிறான். பாலாடைக்கட்டி நூலாக இழுபடுகிறது. வேலை நிலைத்திருந்தால் மாதம் எவ்வளவு வந்திருக்கும் என்று தந்தை கணக்குச் சொல்ல, மகன் எழுதுகிறான். இதைச் சொன்னால் மற்றவர்களும் பேசத் தொடங்குவார்கள்: தந்தை செய்தது அன்பா, வீண் செலவா என்று எங்கள் வட்டத்தில் அரைமணி நேரம் விவாதம் நடந்தது. நான் அன்பு என்ற கட்சியில் இருந்தேன். வீட்டுக் கணக்கை எழுதும் பெண்கள் அனைவரும் எதிர்க்கட்சி.

தமிழில் பேசலாம், ஆங்கிலத்தில் பேசலாம், கலந்தும் பேசலாம். தமிழ்ப் படத்தோடு ஒப்பிடுவதிலும் தவறில்லை. ‘நம் படம்போல இல்லை’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

எல்லோரும் புகழும் படம் எனக்குப் பிடிக்காவிட்டால்?

தாராளமாகச் சொல்லுங்கள். ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ படம்தான் மேலே சொன்ன ஈரானியப் படத்தைத் தோற்கடித்து ஆஸ்கார் வாங்கியது. ரொபெர்த்தோ பெனீனி சிறந்த நடிகருக்கான விருதும் பெற்றார். அதன் முதல் பாதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் நாஜி முகாமைத் தன் மகனுக்கு விளையாட்டாக மாற்றிக் காட்டும் இரண்டாம் பாதியில், முகாம் போதிய அளவு முகாமாக இல்லை என்பது என் எண்ணம். இதைச் சொன்னதற்காக நண்பர் ஒருவர் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. இப்போது வருகிறார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை.

நம் படங்கள் இவற்றைப் பார்த்து எடுக்கப்பட்டவை என்கிறார்களே?

சில அப்படித்தான். குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 1960இல் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ என்று அமெரிக்காவுக்குப் போனது. ‘ஷோலே’ வரை அதன் சாயல் தெரியும். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே மாலையைக் கழிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் ஆர்வம் குறைவு.

நீளமான படம் ஓடும்போது லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) வந்தால்?

அட்டவணையைப் பார்த்துத்தான் நாள் குறிக்கிறோம், இன்வெர்ட்டரும் வைத்திருக்கிறோம். ‘செவன் சாமுராய்’ 207 நிமிடம் ஓடும். அதற்குள்ளேயே இடைவேளை உண்டு. அந்த மாதம் மட்டும் மதியம் இரண்டு மணிக்கே வந்துவிடுங்கள். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) முன்கூட்டியே சொன்னால்தான் கிடைக்கும். பீன்ஸா, ஆட்டிறைச்சியா என்று வியாழக்கிழமைக்குள் தெரிவித்துவிடுங்கள்.